அட்டவணைக்கு எத்தனை மார்க்?

"கேள்வியில அப்பிடிச் செய்யக் கூடாதெண்டு இல்லையே சேர்?"

"இல்லைத்தான் பிள்ளை. ஆனா நாங்கள் பாக்கிறது விடையை இல்லை, வழியை."

நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

வேலைக்கான நேர்முகத்தில் புரோகிராம் எழுதச் சொல்லி நான் கொடுத்த கணக்கு, கூகிள் நடத்திய கோட் ஜாம் என்ற புரோகிராம் போட்டியில் 2009 இல் வந்தது. ஓர் எண்ணின் இலக்கங்களை வர்க்கித்துக் கூட்ட வேண்டும். வந்த எண்ணையும் அப்படியே. 1 இல் போய் நின்றால் அது மகிழ் எண். 7 நிற்கும்: 49, 97, 130, 10, 1. 4 நிற்காது, 16, 37, 58, 89, 145, 42, 20 என்று சுற்றித் திரும்பவும் 4. பேஸ் மாறினால், அதாவது எண்ணைப் பத்தின் அடியில் எழுதாமல் வேறோர் அடியில் எழுதினால், இலக்கங்கள் மாறும், எண்ணின் தலைவிதியும் மாறும். கொடுத்த பேஸ்கள் எல்லாவற்றிலும் மகிழ் எண்ணாக இருக்கிற, 1 ஐ விடப் பெரிய, ஆகச் சிறிய எண் எது? 9, 10 என்றால் 91. 2 முதல் 10 வரை எல்லாம் என்றால் 11814485. நேர்முகத்துக்கு வந்தவர்களில் அநேகமானோரின் புரோகிராம் அங்கேதான் திணறியது.

என்னிடம் அப்படிக் கேட்ட மூதூர்ப் பிள்ளையின் புரோகிராம் தட்டினவுடன் விடை தந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கணக்கே இல்லை. 2 முதல் 10 வரையான பேஸ்களில் இரண்டாவது உள்ள பட்டியல்கள் மொத்தம் 502. அத்தனைக்கும் விடையை முதலே எடுத்து அட்டவணையாக ஒட்டியிருந்தா.

ஓர் இடம்தான் இருந்தது. வழிக்கான மார்க்கை வெட்டினேன். ஒருக்கால் கண்ட எண்ணைத் திரும்பக் கணிக்காமல் நினைவில் வைக்க எழுதிய பெடியனுக்கு வேலை கிடைத்தது. அவன் நன்றாகத்தான் செய்கிறான்.

ஆனால் அவனுடைய புரோகிராம் முதல் வேலையாகப் பட்டியலில் இருந்து 2 ஐயும் 4 ஐயும் தூக்கிவிடும். அந்த இரண்டு பேஸிலும் எல்லா எண்ணும் மகிழ் எண்தான். கெட்டிக்காரன் என்று மெச்சினேன். அதுவும் முன்கூட்டியே கையில் வைத்திருந்த விடைதானே?

அட்டவணையை உண்டாக்கிய புரோகிராமையும் அவ காட்டினா. சில இடங்களில் எண்கள் இரண்டிரண்டாகத் தாவின. ஏனென்று கேட்டேன். "பேஸ் ஒற்றையெண்டா இரட்டை எண் ஒருநாளும் ஒண்டுக்கு வராது சேர். எத்தினை தரம் கூட்டினாலும் இரட்டையாத்தான் நிக்கும்." என் மாதிரி விடையில் அது இல்லை. வழியென்று நான் தேடியது இதைத்தானோ என்னவோ. கிண்ணியாப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவ எழும்பிவிட்டா. மார்க் ஏற்கெனவே போட்டாயிற்று.

என்னோடு இருந்த மூத்தவர் அன்றைக்கே கேட்டார்: "ஹாபரில வத்துப்பெருக்கு அட்டவணையை ஆரும் தினமும் புதிசாக் கணிக்கிறாங்களா?"

"கடல் கேள்வியை மாத்தாது அண்ணே. கஸ்டமர் மாத்துவார்."

அவர் சிரித்தார். பேஸ் 10 வரைக்கும்தான் என்று கேள்வியில் எல்லை போட்டதே நான்தான் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த நேர்முகத்துக்கு "விடைகளை முன்கூட்டி எடுத்து வைக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால் 2 ஐயும் 4 ஐயும் தூக்குகிறவனுக்கும் வெட்ட வேண்டும். அந்த வரியை இன்னும் எழுதவில்லை.