கை ஆடலாம், தோள் ஆட்டக்கூடாது

வலது தோளில் கிழிந்த தசைநாரைத் தைத்து, ஆறு கிழமை ஸ்லிங் என்று அனுப்பிவிட்டார்கள். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அலைச்சல் எல்லாம் பிசியோவுக்கு, அதாவது தோளைப் பழக்கும் பயிற்சிச் சிகிச்சைக்குத்தான்.

முதல் தடவை சுன்னாகத்திலிருந்து பஸ்ஸில், இடக்கையால் கம்பியைப் பிடித்து நின்றபடியே போனேன். கிளினிக் கொப்பி இருந்தது; எதைத் தைத்தார்கள் என்று எழுதிய துண்டு இல்லை. மேசையில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "துண்டில்லாமல் ஒண்டும் செய்யேலாது, தம்பி." சரி, துண்டோடு மறுபடி போனால் கேற் பூட்டு. பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை. வீட்டுக்கு வந்தால் அம்மா, "இண்டைக்குப் பறுவம் எண்டு காலமை சொன்னனான் தானே" என்றார். சொன்னார்தான். மரக்கறிச் சமையல் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

இடையில் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. வார்ட்டில் தந்த தாளில் ஊசல் பயிற்சியின் படம் இருந்தது: குனிந்து, கையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டுவது. எவ்வளவு பெரிய வட்டம் என்று இல்லை. நான் ஆட்டுக்கல்லில் மா அரைக்கிற மாதிரிச் சுழற்றினேன். தொங்குகிற கைதானே, தசைக்கு என்ன வேலை? இரவில் தோள் விண்விண் என்று குத்தும். பயிற்சி போதவில்லையாக்கும் என்று இன்னும் கூட ஆட்டினேன். சிரிக்காதீர்கள்.

மூன்றாம் பயணத்தில் பிசியோ அக்கா செய்து காட்டச் சொன்னார். தோளில் கை வைத்தவர், "இஞ்ச இறுகுது. கையை நீர் ஆட்டுறீர். உடம்பை ஆட்டும், கை தானா வரட்டும்" என்றார். நல்ல தோள் உள்ளவர்களின் தசைகளில் மின்வாய் வைத்து அளந்திருக்கிறார்களாம். 20 சென்ரிமீற்றர் வட்டத்துக்குத் தசை பெரிதாக உழைப்பதில்லை. அரை மீற்றர் அளவுக்குப் பெருத்தால், முறையாகச் செய்தாலும், தசையின் உழைப்பு அதன் முழுப் பலத்தின் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். போத்தலைத் தூக்கித் தண்ணீர் குடித்தாலும் அப்படித்தான். அதையும் நான் அந்தக் கையால்தான் செய்துகொண்டிருந்தேன்.

துண்டு ஏன் வேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. தோள்பட்டை எலும்பின் முன்புறத் தசையைத் தைத்திருந்தால் கையை வெளிப்பக்கம் திருப்பவே பயப்பட வேண்டும்; புயத்தின் முன்தசையைத் தொட்டிருந்தால் முழங்கையைச் சொந்தப் பலத்தில் மடக்கவும் கூடாது. மேசைக்காரர் இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் அன்று அவரைத் திட்டியிருக்க மாட்டேன்.

இப்போது தரையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கோப்பையை வைத்து, விரல் அதன் விளிம்பைத் தாண்டாமல் ஆடுகிறேன். இடக்கை மேசையில், முழங்கால் கொஞ்சம் மடிந்து, இடுப்பு முன்னும் பின்னும். நாலாம் நாள் விடியும்வரை நித்திரை கொண்டேன். தோளில் கை வைத்துப் பார்க்கிற வேலை அம்மாவுக்கு. இறுகாவிட்டாலும் "இறுகுது" என்கிறார்.