பள்ளத்தூர்க்காரி டிவியில நின்ன கதை

தமிழ் ஐயா போயிட்டாருன்னு நம்ம ஸ்கூல் குரூப்ல மெசேஜ் வந்த அன்னிக்கு, "அவர் இல்லன்னா நான் இல்ல"ன்னு ஆளாளுக்குப் போட்டுக்கிட்டே இருந்தீங்க, சரிதான், ஆனா அவர்கிட்ட அடி வாங்காத கை நம்ம செட்ல ஒண்ணு இருக்கா? எனக்கென்னவோ பிரேயர் மைக்குதான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம செட்டு பள்ளத்தூர்க்காரி பிரேயர்ல செய்தி வாசிக்கையில காத்துல தாளு பறந்து அவ பின்னாடியே ஓடினாளே, அந்த நாள். (பேரு போட வேணாம்னுட்டா.) ஐயா அவளத் திரும்ப மைக் முன்னாடி கொண்டாந்து நிறுத்தி, "தாளு போனா வாயும் போயிருமா? பெல் அடிக்கிற வரைக்கும் நில்லு, மொகம் மாறக் கூடாது"ன்னார். ஸ்கூலே சிரிச்சுச்சு. அவ அழுவல.

அந்த நிக்கிறதுதான் பின்னால அவளுக்குப் பொழப்பே. மெட்ராஸ் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சு கொஞ்ச வருஷத்துல அறிவிப்பாளரா போனா. நியூஸ் வாசிக்கிறவங்க வேற, இவ ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவுல வந்து "அடுத்து வயலும் வாழ்வும்"னு சொல்றவ. கேக்க லேசு. ஆனா படச்சுருள் அறுந்தாலோ அடுத்த டேப் ரெடியாகலைனாலோ கேமரா இவ மேல வந்து நிக்கும், எழுதிக் குடுத்தது முடிஞ்சிருக்கும், உள்ளேருந்து சைகை வர்ற வரைக்கும் சிரிச்ச மொகம் கலையாம உக்காந்திருக்கணும். வெள்ளைச் சேலை கூடாது, லைட்ல பளீர்னு அடிக்கும். வேற என்ன பட்டு கட்டினாலும் கலர் வர்ற வரைக்கும் பார்க்கிறவங்களுக்கு சாம்பல்தான், அவுக ஆச்சிக்கு அதுல ரொம்ப வருத்தம்.

கொடுமை என்னன்னா அந்த வருஷங்கள்ல நம்ம ஊரு அவள பார்க்கவே இல்ல. மெட்ராஸ் சிக்னல் காரைக்குடிக்கு எங்க வந்துச்சு? 1982ல சிலோன் டிவி ரூபவாஹினி வந்ததும் மொட்டமாடில கம்பம் நட்டவுக சிலோனைத்தான் பார்த்தாக. கொடைக்கானல் டவர் வந்தப்புறம் யாரோ வீட்டு முகப்புல உக்காந்து ஐயா ஒருநாள் பார்த்திருக்கார். "பவுடர் ஜாஸ்தி"ன்னாராம், அவ்வளவுதான். அதை போன்ல சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா, பெறகு, "நல்லா இருந்தேன்னு சொல்லலியா?"ன்னா.

நான் பார்த்தது ஒரே தடவை. கல்யாணமாகி சிங்கப்பூர் பிளைட் ஏற மெட்ராஸ் வந்து மயிலாப்பூர்ல அயித்தை வீட்டுல தங்கினப்ப ஞாயித்துக்கிழமைப் படம் நடுவுல நின்னுச்சு, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை, அது போயி இவ மொகம். பிரேயர்ல பார்த்த அதே மொகம், ஒரு வார்த்தை பேசல. "இந்தப் பிள்ள ஏன் முழிக்கிது"ன்னாக அயித்தை. டிவி ஸ்டேஷன் இருக்கிற சிவானந்தா சாலை பக்கம்தான், ஆட்டோ புடிச்சா அவள பார்த்திருக்கலாம். பெட்டி கட்டணும்னு இருந்துட்டேன். நான் திரும்பி லீவுல வந்து அவளைத் தேடுறதுக்குள்ள கேபிள் வந்து, சன் டிவி வந்து, எல்லா நிகழ்ச்சிக்கும் அதுவே டிரெய்லர் ஓட்டிக்கிச்சு, நடுவுல வந்து சொல்ல ஆள் எதுக்கு? அவளுக்கு புக்கிங் கொறஞ்சு கொறஞ்சு நின்னே போச்சு.

ஐயா நினைவுக் கூட்டத்துல போட ரெண்டு வார்த்தை பேசி அனுப்புடின்னு கேட்டேன். "எத்தனை செகண்டு?"ன்னா. உனக்குத் தோணுறத பேசுன்னேன். "அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லடி"ன்னா. இன்னும் அனுப்பல.