கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் கேஸ் கீசர் வைப்பதென்று முடிவானபோது, எத்தனை லிட்டர், எந்த நிறுவனம் என்ற பேச்சே முதலில் எழுந்தது. அதை எங்கே மாட்டுவது என்பதைத் தீர்த்த பிறகே மற்றவற்றைப் பேச வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். குளியலறைச் சுவரிலேயே மாட்டிவிட்டால் குழாய் வேலை மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண கீசர் எரிவதற்கான காற்றை அந்தச் சிறிய அறையிலிருந்தே எடுத்துக்கொண்டு, எரிந்த புகையையும் அதே அறைக்குள் விடுகிறது என்பதை அறிந்த பிறகு அந்த வசதியை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டாருக்குப் புரியவைக்க ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 25 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 10 கிலோவாட் வெப்பம் வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால், மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எல்பிஜி எரிய வேண்டியிருக்கும். ஒரு கிலோ எல்பிஜி முழுமையாக எரிவதற்குச் சுமார் 12 கன மீட்டர் காற்று தேவை. கால் மணி நேரக் குளியலுக்கு 3 கன மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட ஒரு குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே 7.5 கன மீட்டர்தான். கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு குளிக்கும்போது ஆக்சிஜன் குறையக் குறைய, கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவை உணர்த்துவதற்காகக் கேஸில் கலக்கப்படும் மணப்பொருளும் சுடரில் எரிந்துபோவதால், நம் மூக்கு இங்கே எந்த எச்சரிக்கையும் தராது. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் இது பிணைந்துகொள்கிறது. லேசான தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்குவதை வெந்நீர் தந்த களைப்பென்று எண்ணி இருந்துவிடுபவருக்குச் சிறிது நேரத்தில் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கவே வலுவில்லாமல் போய்விடலாம். இதைக் கேட்ட பிறகு குளியலறைக்குள் மாட்டலாம் என்று வீட்டில் எவரும் சொல்லவில்லை.

சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தின் வெளிச்சுவரைத் தேர்ந்தெடுத்தோம். அங்கிருந்து குளியலறைக்கு எட்டு மீட்டர் குழாய் இழுக்க வேண்டும். வெந்நீர் வருவதற்குள் தண்ணீர் வீணாகாதா என்று கேட்டார்கள். அரை அங்குலக் குழாயில் எட்டு மீட்டருக்கு அடங்குவது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்தான். பத்து விநாடி காத்திருப்பதைப் பெரிய விலையாக நான் கருதவில்லை. வெந்நீர் செல்லும் பகுதி முழுவதற்கும் சாதாரண பிவிசி குழாயைத் தவிர்த்து, சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாயைப் போட்டு, மேலே வெப்பக்காப்பு உறையும் சுற்றினோம்.

கீசரிலும் எரியறை முற்றிலும் மூடப்பட்ட வகையையே வாங்கினோம். இதில் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே செல்கிறது. வெளிக்குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்க, உட்குழாய் புகையை வெளியே தள்ளுகிறது. அறைக்காற்றுக்கும் சுடருக்கும் தொடர்பே இல்லை. உள்ளிருக்கும் மின்விசிறி சுழன்றாலொழிய கேஸ் வால்வு திறக்காது என்பதால், மின்சாரம் நின்றால் வெந்நீரும் நின்றுவிடும். அந்தக் குறையை மனமறிந்தே ஏற்றோம். அறைக்காற்றை எடுத்துப் புகைபோக்கி வழியாக வெளியேற்றும் வகை மலிவாகக் கிடைத்தது. ஆனால் பக்கத்துச் சமையலறையில் எக்ஸாஸ்ட் விசிறி ஓடும்போது, அது புகைபோக்கியின் வழியே புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடக்கூடும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

வாங்குமுன் பெட்டியின் மேல் உள்ள விவரப் பட்டியில் எல்பிஜி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கும் சிலிண்டர் கேஸுக்கும் அழுத்தமும் பர்னர் துளையின் அளவும் வேறு வேறு; ஒன்றுக்கானதை மற்றொன்றில் இணைத்தால் சுடர் சரியாக எரியாது. தண்ணீரின் அழுத்தத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. நீர்மட்டம் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். நாங்கள் வாங்கிய கீசர் பற்றவைக்கக் குறைந்தது 0.25 பார் வேண்டும் என்று கையேடு சொன்னதால், மேல்நிலைத் தொட்டியின் உயரத்தை அளந்து பார்த்தே பணம் கொடுத்தோம்.

பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற டெக்னீஷியன் ஒருவரிடம் ஒப்படைத்தோம். கேஸ் இணைப்பைத் தானே செய்துபார்க்கும் ஆசை எத்தனை கைத்திறன் உள்ளவருக்கும் கூடாது என்பது என் திடமான எண்ணம். ஒவ்வொரு சோதனையையும் நான் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன்; அவர் மகிழ்ச்சியுடன் இசைந்தார். சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் இடத்தின் அருகே சாக்கடைத் திறப்பு எதுவும் இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். சிலிண்டரிலிருந்து கீசர் வரை தாமிரக் குழாயைச் சுவருக்கு வெளியே, கண்ணில் படும்படி பதித்து, கீசருக்குக் கீழே கை எட்டும் உயரத்தில் தனி வால்வு ஒன்றை வைத்தார்.

பிறகு குழாயில் அழுத்தமானியை இணைத்தார். நீர் நிரப்பிய, யு வடிவக் கண்ணாடிக் குழாய் அது; 30 மில்லிபார் அழுத்தத்துக்கு இரு பக்க நீர்மட்டங்களுக்கு இடையே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வேறுபாடு தெரியும். வால்வை மூடிவிட்டு நாங்கள் இருவரும் அந்த நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மட்டம் மெல்ல இறங்கியது. சோப்பு நீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே வந்தபோது, வளைவுக்கு அடுத்த நட்டில் சிறு குமிழிகள் எழுந்தன. அவர் நட்டை மேலும் இறுக்க முயலவில்லை, கழற்றிப் பார்த்தார். குழாயின் விரிந்த வாயில் துரும்பளவு தாமிரப் பிசிறு ஒட்டியிருந்தது. அந்த வாயை வெட்டிப் புதிதாக விரித்து இணைத்த பிறகு நீர்மட்டம் அசையவில்லை. கீசரை இணைத்த பின் இதே சோதனையை மீண்டும் செய்தார். தீக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கும் வழக்கத்தை எவர் எங்கே கண்டாலும் உடனே தடுக்க வேண்டும் என்று அவர் அழுத்திச் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

புகைக்குழாய் வெளிப்பக்கமாகச் சற்றே தாழ்ந்திருக்கும்படி, கையேட்டில் சொன்ன சரிவில் பொருத்தப்பட்டது; மழைநீர் உள்ளே வராது. குழாயின் முனை எங்கள் சன்னலிலிருந்து மட்டுமன்றி அடுத்த வீட்டாரின் சன்னலிலிருந்தும் கையேடு கேட்கும் தொலைவில் இருக்கிறதா என்று நாடாவால் அளந்தோம். நம் வீட்டுப் புகை அவர்கள் படுக்கையறைக்குள் போவதற்கு நமக்கு உரிமையில்லை.

முதல்முறை பற்றவைத்தபோது சுடர் நீலமாக, நிலையாக எரிந்தது. மஞ்சள் சுடரோ கரிப்படிவோ தெரிந்தால் எரிதல் சரியில்லை என்று பொருள். அதன் பிறகு கீசரைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர்க் குழாயை மூடியதும் சுடர் அணைகிறதா என்று பார்த்தோம். தண்ணீர் ஓடும்போதே கேஸ் வால்வை மூடிச் சுடரை அணையவிட்டு, மீண்டும் திறந்தபோது எரியாத கேஸ் வெளியேறாமல் கீசர் தன்னைப் பூட்டிக்கொள்வதையும் பார்த்தோம்.

இத்தனைக்குப் பிறகும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கீசரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மாட்டினேன். ஐரோப்பியத் தரமான இஎன் 50291-இன்படி, காற்றில் இந்த வாயு 100 பிபிஎம் (அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு) இருந்தால் 10 முதல் 40 நிமிடங்களுக்குள்ளும், 300 பிபிஎம் இருந்தால் 3 நிமிடங்களுக்குள்ளும் அது ஒலிக்க வேண்டும். அதன் ஆயுள் முடியும் ஆண்டையும், சிலிண்டர் பக்கத்து ரப்பர் குழாயை மாற்ற வேண்டிய தேதியையும் கீசரின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புகைக்குழாயின் முனையில் குளவியோ பறவையோ கூடு கட்டியிருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை டெக்னீஷியனை அழைத்துப் பர்னரைச் சுத்தம் செய்வதும் வழக்கமாகிவிட்டன.

வீட்டில் சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் சொல்லி வைத்திருப்பது இதுதான்: அலாரம் ஒலித்தால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும், போகும் வழியில் கை எட்டினால் கீசரின் வால்வை மூடலாம், கதவுகளைத் திறந்து விடலாம். கேஸ் வாடை வந்தாலோ எந்த மின்விசையையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்த பிறகே, வெளியில் நின்றபடி உதவிக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.