ஹென்ட்ரிக்சன் நாட்கள்

பிப்ரவரி 10, சனி

வெளியே பனி. நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் சாப்பாட்டு மேசை ஓரத்தில், கொக்கியைக் கவ்விப் பிடிக்கும் வைஸை மாட்டி உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரலில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவதற்குள் இரண்டு டஜன் ஹென்ட்ரிக்சன் கட்டியாக வேண்டும். கொக்கியில் இறகும் மயிரும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்கிற ஃப்ளைகளில் ஒன்று அது. 14ஆம் நம்பர் கொக்கி, இறக்கைக்கு மர வாத்தின் விலா இறகு, வாலுக்கும் ஹேக்கிளுக்கும் (முன்பக்கம் சுற்றும் இறகு வளையம்) சாம்பல் நிறச் சேவலின் கழுத்து இறகு, உடம்புக்கு லேசாக இளஞ்சிவப்பு ஓடும் நரிமயிர். 1916இல் இந்த ஃப்ளையை முதலில் கட்டிய ராய் ஸ்டீன்ராட் அந்த நிறத்துக்காக எடுத்தது, மூத்திரக் கறை ஏறிய பெண்நரியின் வயிற்று மயிர். நான் வாங்கியது சாயம் போட்டு பாக்கெட்டில் வருவது. மனைவியிடம் இதை உறுதியாகச் சொன்ன பிறகுதான் மேசை கிடைத்தது.

ஆறு கட்டினேன். ஆறிலும் ஒரே தப்பு. கொக்கியின் கண் வரைக்கும் இறகைச் சுற்றிவிட்டு, கடைசி முடிச்சுக்கு இடமில்லாமல் திண்டாட்டம். கண்ணுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரல்தான் கேட்பதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

கடையில் ஒரு சின்ன உறைக்குள் சில இறகுகள். விலையைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஜங்கிள் காக். நம்ம சாம்பல் காட்டுக்கோழிதான்! சேவலின் கழுத்து இறகில் அரக்கைச் சொட்டுவிட்டது போல மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டு இருக்கும். சால்மன் மீனுக்கான ஃப்ளைகளில் பக்கவாட்டில் ‘கன்னம்’ வைக்க அந்தக் காலத்தில் இது ஏராளமாகக் கப்பல் ஏறியது. இப்போது இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்குத் தடை, வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த கோழிகளின் இறகுதான் விற்கிறார்கள். பாபநாசத்தில் தாத்தா வீட்டுப் பின்பக்கம் விடிகாலையில் கத்துகிற பறவையை நியூ ஜெர்சியில் உறைக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி நியூயார்க் மாநிலத்து ராஸ்கோ வந்தேன். வில்லோவீமாக் ஓடை பீவர்கில் ஆற்றில் சேருகிற ஜங்ஷன் பூலுக்குக் கீழே இறங்கினேன். தண்ணீர் 44 டிகிரி ஃபாரன்ஹீட். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு பூச்சி இல்லை, ஒரு மீன் மேலே வரவில்லை.

தண்ணீர் 50 டிகிரியைத் தொட வேண்டும். அப்போதுதான் ஒரு வருஷமாக ஆற்றடிக் கல்லில் ஒட்டிக் கிடந்த மேஃப்ளை (ஹென்ட்ரிக்சன் காப்பியடிப்பது இந்தப் பூச்சியைத்தான்) புழுக்கள் மேலே வந்து தோலுரிக்கும். ஈசல் என்று சொல்லிவைக்கலாம் என்றால், அது கறையான் வகை. இது தண்ணீரில் வளர்கிற இனம். இறக்கை முளைத்த பிறகு இதற்குச் சாப்பிட வாயே கிடையாது. இறக்கையை நிமிர்த்திக்கொண்டு பாய்மரப் படகு மாதிரி மிதந்து வரும் அந்தச் சில நொடிகளில்தான் ட்ரவுட் அடிக்கும்.

1890இல் இங்கிலாந்தின் ஃப்ளை நிபுணர் ஹால்ஃபோர்ட், இங்கே நெவர்சிங்க் ஆற்றுப் பக்கம் வாழ்ந்த தூண்டில்காரர் தியோடர் கார்டனுக்கு மிதக்கும் ஃப்ளைகளை அனுப்பிவைத்தார். அவை இங்கிலாந்துப் பூச்சிகளின் சாயல். கார்டன் இந்த ஆறுகளின் பூச்சிகளைப் பார்த்துத் தானே கட்ட ஆரம்பித்தார். சும்மா நின்ற நேரத்தில் இதையெல்லாம் யோசித்தேன். வேறு வேலை?

ஏப்ரல் 27, சனி

52 டிகிரி. மதியம் 2.20க்கு முதல் பூச்சி. பத்தே நிமிடத்தில் ஆறு முழுக்கச் சாம்பல் இறக்கைகள். அக்கரையை ஒட்டி ஒரு மீன், ஒரே இடத்தில், நிதானமாக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்தேன். பிப்ரவரியில் கட்டியது. கண் அடைத்துக் கிடக்கிறது, தூண்டில் நரம்பு நுழையவில்லை. இன்னொரு கொக்கியின் முனையால் குத்திக் குத்தித் திறப்பதற்குள் நாலைந்து நிமிடம் போய்விட்டது. மீன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது.

வீசினேன், சீண்டவில்லை. ஃப்ளையை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். கீழே நின்றிருந்த கிழவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், “ஃப்ளையை மாற்றாதே, நிற்கிற இடத்தை மாற்று” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கும் மீனுக்கும் நடுவே வேகமான நீரோட்டம். அது லைனை இழுக்க, லைன் ஃப்ளையை இழுக்க, நிஜப் பூச்சிகள் சும்மா மிதந்து போகும்போது என்னுடையது மட்டும் கோடு கிழித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பதினைந்து அடி மேலே நடந்து, நீரோட்டத்தைக் கடந்து, மீனுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டாவது வீச்சில் எடுத்தது.

பிரவுன் ட்ரவுட், பதிமூன்று அங்குலம் இருக்கும். 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக வந்த வம்சம். இந்த மண்ணின் ப்ரூக் ட்ரவுட்டை விடச் சந்தேகம் அதிகம். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் கொக்கியைக் கழற்றினேன். கொக்கியின் எதிர்முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் சுலபமாக வந்தது. கையிலிருந்து மெதுவாக நழுவிப் போனது. திரும்பிப் பார்த்தால் கிழவரைக் காணோம்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அம்மாவுக்கு ஃபோன். “ஏலே, பிடிச்ச மீன விடுறதுக்கா அம்புட்டு தூரம் போன?” பீவர்கில்லின் அந்தப் பகுதியில் விட்டுத்தான் ஆக வேண்டும், சட்டம் என்றேன். “அப்போ கடையில வாங்கிக் கொழம்பு வை” என்று முடித்துவிட்டார்.

ஜூன் 22, சனி

காலை பத்து மணிக்கே தண்ணீர் 71 டிகிரி. 68ஐத் தாண்டினால் ட்ரவுட்டுக்கு ஆகாது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீனை விட்டாலும் அது செத்துப்போகலாம். ராடைக் காரிலேயே வைத்துவிட்டு நடந்தேன். குளிர்ந்த சிற்றோடை ஒன்று வந்து விழும் இடத்தில் இருபதுக்கும் மேல் மீன்கள், ஒன்றோடொன்று ஒட்டி, செவுள் மட்டும் அசைய. கல் எறிந்தால்கூட நகராது போலிருந்தது.

ராத்திரி அம்மா கேட்டார், “இன்னைக்கு எத்தன?”

“பிடிக்கலம்மா. தண்ணி சூடாயிட்டு.”

“மீனுக்குக் காய்ச்சலாக்கும்?”

கிட்டத்தட்ட அதேதான் என்றேன்.