மண்டி ஆபீஸ் போன்: விட்டு விட்டு வந்த ரெண்டு கோளாறு

கிருஷ்ணகிரியில எங்க மாமா மாங்கா மண்டி வச்சிருக்காரு, அங்க மேஜை மேல இருக்கற பழைய பட்டன் போன் ஒரு மாசமா படுத்தி எடுக்குது. "நான் பேசிட்டேதான்டா இருக்கேன் மாப்ள, அந்தப் பக்கம் அலோ அலோன்னு கத்தறாங்க"ன்னாரு. சீசன்ல மாங்கூழ் பேக்டரிக்காரங்க பெங்களூரா ரக மாங்கா லோடுக்கு ரேட் கேட்டு கூப்பிடறது இந்த நம்பர்லதான், வேற போன் வாங்கிக்கலாம்னா மாமா ஒத்துக்கல, எனக்கும் அதைத் தூக்கிப்போட மனசு வரல.

முதல் ஞாயித்துக்கிழமை போய் பாத்தா நல்லாவே வேலை செய்யுது. இந்த மாதிரி கோளாறுல முதல் வேலையே அதை நம்ம கண்ணு முன்னாடி வரவைக்கறதுதான். டயல் டோன் வந்ததும் ஒரு நம்பரை அமுக்கி டோனை நிறுத்திட்டு மைக்குல ஊதினேன், நாம ஊதற சத்தம் நம்ம காதுலயே லேசா கேக்கணும். ஊதிக்கிட்டே, ரிசீவரையும் போனையும் சேக்கற சுருள் ஒயரை பிளக் பக்கத்துல வளைச்சா சத்தம் போயிடுச்சு, விட்டா வந்துடுச்சு! ரிசீவர் பிளக்குல நாலு ஒயர், நடு ரெண்டும் காதுக்கு, ஓரத்து ரெண்டும் மைக்குக்கு. அதனாலதான் மாமாவுக்கு அவங்க பேசறது கேட்டுச்சு, இவரு பேசறது மட்டும் போகல. பழைய ஒயரை வெட்டி உரிச்சுப் பாத்தேன், உள்ள கம்பியே கிடையாது, நூலு மேல முடி மாதிரி மெல்லிசா செம்புத் தகடு சுத்தியிருக்கு, அதுல ஒரு இடத்துல தகடு அறுந்து வெறும் நூல்தான் பிடிச்சிட்டு இருந்துச்சு. இதுல சால்டர் சரியா ஒட்டாது, புது சுருள் ஒயரே மாத்திட்டேன்.

பத்து நாள் ஓடுச்சு. அப்புறம் மாமா திரும்ப கூப்பிட்டு, இப்ப பேசும்போதே லைனே கட் ஆகுதுன்னாரு. எனக்கு நிஜமாவே கஷ்டமா போச்சு.

இந்த தடவை சுவத்துல இருக்கற லைன் பாக்ஸ்ல மல்டிமீட்டரை டிசி வோல்ட்டுல போட்டு வச்சேன். போன் வச்சிருக்கும்போது 47 வோல்ட், எடுத்தா 8. பேசறப்ப கட் ஆனா மீட்டர் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கணும், பூஜ்யத்துக்கு இறங்கினா லைன்ல கோளாறு, திரும்ப 47க்கு ஏறினா லைன் நல்லாருக்கு, போன் பக்கம்தான் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். கட் ஆனப்ப 47க்கு ஏறிடுச்சு. (மணி அடிக்கறப்ப மட்டும் டெர்மினலை தொடாதீங்க, 75 வோல்ட் ஏசி வரும், நல்லா சுண்டி இழுக்கும்.)

லைன் ஒயரை ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல, ஆனா ரிசீவரை வச்சா அமுங்கற ஹூக் பட்டனை லேசா தொட்டாலே மீட்டர் குதிக்குது. கழட்டிப் பாத்தா மண்டித் தூசியும் மாம்பால் பிசுக்கும் சேந்து, உள்ள ஒண்ணோட ஒண்ணு தொடற தகடுங்க, அதான் கான்டாக்ட், கருப்பா இருக்கு. உப்புத்தாள் போடவே கூடாது, மேல இருக்கற முலாம் போயிடும். வெள்ளைப் பேப்பரை மெல்லிசா வெட்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்சு ரெண்டு கான்டாக்ட்டுக்கும் நடுவுல வச்சு இழுத்தேன், நாலு தடவையும் பேப்பர் கருப்பாத்தான் வந்துச்சு, அஞ்சாவது தடவை வெள்ளையா வந்தப்ப அவ்ளோ சந்தோஷம்.

மூணு வாரமா நல்லா ஓடுது. நேத்து மாமா எடை போடற இடத்துல இருக்கற இன்னொரு போனையும் பையில போட்டுக் குடுத்துட்டாரு, அதுல 5ம் 8ம் அமுங்க மாட்டேங்குதாம்.