அத்தையின் வேண்டுதலும் பினாங்கு ஃபெர்ரியும்

அத்தை போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பினாங்குக்குப் போகிற பஸ் கடல் பாலத்தில் போகக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டது நான்தான். வெள்ளி இரவு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஏறினால் சனி இரவு திரும்பிவிடலாம், பினாங்கில் தண்ணீர்மலை முருகன் தரிசனம், குவீன் ஸ்திரீட் மாரியம்மன், மதியம் வாழையிலைச் சாப்பாடு, கூடவே வழிகாட்டி, ஆளுக்கு 110 வெள்ளி (ரிங்கிட்). 76 வயது மனுஷிக்கு இதைவிட வசதியாக என்ன கிடைக்கும் என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஃபெர்ரியில கூட்டிட்டுப் போறாங்களா, பாலத்துல கூட்டிட்டுப் போறாங்களா?" என்றார். ஏற்பாட்டாளருக்குப் போன் போட்டேன். பாலம்தான், பஸ் நேரே கோயில் வாசலுக்கே போய்விடும் என்றார். "அப்படின்னா நான் வரல பாப்பா, நீ போயிட்டு வா."

இது பிடிவாதம் இல்லை, வேண்டுதல். 2003-இல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து பைபாஸ் செய்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே மஞ்சள் துணியில் பதினொரு வெள்ளியை முடிந்து வைத்தவர் அத்தை. "தண்ணிமலையானே, இவரை எழுப்பிக் குடு, ஃபெர்ரியில கடல் தாண்டி வந்து, உன் படியேறி, இதைச் செலுத்திடறேன்." வார்த்தை மாறாமல் இன்றும் சொல்வார். மாமா எழுந்தார். எழுந்து இன்னும் பதினாறு வருஷம் இருந்தார். ஆனால் முடிச்சு மட்டும் சாமி மேடையிலேயே கிடந்தது. ஒரு வருஷம் பேத்திக்குப் பரீட்சை, ஒரு வருஷம் முட்டி வலி, அப்புறம் மாமாவே போய்விட்டார், அடுத்த வருஷம் ஊரடங்கு. 2020 கடைசியோடு அந்தப் பழைய மஞ்சள் ஃபெர்ரிகளை நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்தபோது, இனி ஃபெர்ரியே கிடையாது, வேண்டுதல் நிறைவேற வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டு அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கார் ஏற்றும் பழைய ஃபெர்ரிதான் நின்றது, ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றும் சேவை இன்னும் உண்டு, 2023 ஆகஸ்டிலிருந்து புது ஃபெர்ரிகளே ஓடுகின்றன என்று ரொம்ப நாள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை.

வேண்டிக்கொள்ளும்போது ஏன் ஃபெர்ரியைச் சேர்த்துக்கொண்டார் என்று கேட்டால் அவருக்கு அது கேள்வியே இல்லை. பிறந்து வளர்ந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தைப்பூசம் வந்தால் தோட்டத்து லாரியில், தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் வரைக்கும் வந்து, அங்கிருந்து ஃபெர்ரி. மேல்தட்டில் காவடி, பால்குடம், உறுமி எல்லாம் கலந்து கிடக்க, சின்னப் பெண்ணாக அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல், அதற்கெல்லாம் முன்பே கல்யாணமாகிக் கோலாலம்பூர் வந்துவிட்டார். அவருக்குப் பினாங்கு என்றால் தண்ணீரைத் தாண்டிப் போகிற ஊர். பாலத்தில் போனால் அது கடல் தாண்டினதாகக் கணக்கில் வராது.

சரி, மறுபடியும் ஏற்பாட்டாளரிடம் பேசி, நம்மை பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டு பஸ் மட்டும் பாலத்தில் சுற்றி வரட்டும் என்று கெஞ்சினேன். அவர் குழுவில் கேட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. பக்தி என்று நினைக்காதீர்கள், இளசுகள் எல்லாம் டிக்டாக் எடுக்க ஆசைப்பட்டார்கள்.

ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் முருகன் பாட்டு, அப்புறம் குறட்டை. ஆறு மணி வாக்கில் பட்டர்வொர்த்தின் பஸ் நிலையமான பினாங்கு சென்ட்ரலில் இறங்கியபோது இன்னும் கும்மிருட்டு. வழிகாட்டித் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் விசில், கையில் ஒரு சின்ன மஞ்சள் கொடி. விசிலை ஊதி ஊதி எங்களைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நடைபாதையில் ஓட்டிக்கொண்டு போனார். முகப்பு வந்ததும் அத்தை நின்றுவிட்டார். 1988 ஜூலை 31 அன்று இந்த பட்டர்வொர்த் ஃபெர்ரி முனையம் இடிந்து விழுந்து 32 பேர் இறந்தார்கள். தீவில் குவான் யின் திருவிழாவுக்கும், இந்தக் கரையில் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் தேவாலயத் திருவிழாவுக்கும் போய்வந்த கூட்டம். கடவுளைத் தேடிப் போன சனம் என்று அத்தை முனகினார். கண்ணை மூடி நின்றார். விசில் மறுபடியும் கேட்டது.

கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். அத்தை கையில் சில்லறையோடு நின்றார். அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்தில் ஏறும்போது மட்டும்தான் காசு, தீவிலிருந்து திரும்பும்போது இலவசம். "அந்தப் பக்கம் போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆகணும்னு விட்டுட்டான்" என்பது அவர் விளக்கம். உள்ளே வரிசையாக நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் வாடியது. "இதுவா ஃபெர்ரி? பஸ்ஸு மாதிரியில்ல இருக்கு." எஞ்சின் அதிர்ந்து கரையை விட்டு விலகியதும்தான் வாய் மூடினார்.

கால் மணி நேரம்கூட ஆகாத பயணம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் விடிந்துவிட்டது. சூரியன் எங்கள் முதுகுப் பக்கம், நாங்கள் விட்டுவந்த செபெராங் பிறைக் கரை மேல் கிளம்புகிறது. எதிரே தீவு. ஜார்ஜ்டவுன் இன்னும் விளக்கோடு இருட்டில் கிடக்க, அதற்குப் பின்னால் மலை உச்சியில் மட்டும் வெளிச்சம் விழுந்து, கொம்தார் கோபுரத்துக்கு இறங்கி, அப்புறம்தான் தண்ணீருக்கு வருகிறது. அத்தை நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் வேலைக்குப் போகிற மலாய்ப் பையன் ஒருவன் தன் ஹெல்மெட்டை எடுத்து அவருக்கு இடம்விட்டான். பஸ்ஸில் இந்தக் கடலைத் தாண்டியிருந்தால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், அது நிச்சயம். கரை தட்டும் முன்பே மோட்டார்சைக்கிள்காரர்கள் எஞ்சினை முடுக்க, புகை நாற்றம் கிளம்பியது. அத்தைக்கு அதில் ஒரே சந்தோஷம். "இந்த வாடை மட்டும் மாறல."

எங்கள் பஸ் அந்தக் கரையில் காத்திருந்தது. வாட்டர்ஃபால் ரோட்டில் போகும்போது வழிகாட்டித் தம்பி மைக்கில், 1857-இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலைக் காட்டினார். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் இங்கேதான் வந்து சேரும், வழியெல்லாம் மலைபோல் தேங்காய் உடையும், சீனர்களும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து உடைப்பார்கள். அந்த ரதம் காரைக்குடியில் செய்து இங்கே வந்த வருஷம் 1894. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஃபெர்ரி ஓடத் தொடங்கியதும் அதே 1894-தான். தம்பி இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எனக்குத்தான் மயிர் சிலிர்த்தது.

தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணிக்கு 513 படி. பத்துமலையின் 272 படிகளில் ஏறி இறங்கிப் பழகின கோலாலம்பூர் ஆட்கள் நாங்கள், கணக்கைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இப்போதுள்ள மேல்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 2012 ஜூனில். தம்பி கொடுத்த நேரம் ஒன்றரை மணி, ஏறி, கும்பிட்டு, இறங்குவதற்கெல்லாம் சேர்த்து. அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு மற்றவர்கள் மடமடவென்று ஏறினார்கள். நானும் அத்தையும் கடைசி.

பத்துப் படிக்கு ஒருமுறை நிற்கிறார். நிற்கும்போதெல்லாம் இடுப்பில் செருகியிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். முதல் நூறு படிவரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் "இதோ வந்திருச்சு பாட்டி, இன்னும் கொஞ்சந்தான்" என்று பொய் சொன்னார்கள். தினமும் உடற்பயிற்சிக்கு ஏறுகிற சீன அம்மா ஒருவர் மட்டும் பொய் சொல்லவில்லை. "ஜாவோ லாகி, ஆன்ட்டி, பெலான் பெலான்" (இன்னும் தூரம் இருக்கு, மெதுவா மெதுவா) என்று மலாயில் சொல்லிவிட்டு, தன் வேகத்தைக் குறைத்து, முப்பது நாற்பது படி எங்களோடேயே வந்தார். அத்தையும் அவரும் மலாயில் முட்டி வலித் தைலம் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார்கள். கீழே திரும்பிப் பார்த்தால் மரங்களுக்கு மேலே நகரம், அதற்கப்பால் நாங்கள் தாண்டி வந்த கடல், அதில் நகம் அளவுக்கு ஏதோ ஒரு கப்பல். "அதான் ஃபெர்ரி" என்றார் அத்தை. அது ஃபெர்ரி இல்லை, சரக்குக் கப்பல். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. அர்ச்சனைச் சீட்டு வாங்கி, தட்டைக் கொடுத்து, மாமா பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொன்னார். போனவர் பெயருக்கு அர்ச்சனை செய்வார்களா என்று எனக்குள் ஒரு தயக்கம். அத்தை அதற்குள் ராசி நட்சத்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டார். தீபாராதனை காட்டும்போது அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணை அகல விரித்து, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

பிரச்சினை உண்டியலில்தான் வந்தது. முடிச்சு உள்ளே நுழையவில்லை. பதினொரு காசும் துணியும் சேர்ந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது, உண்டியல் வாயோ ஒரு விரல் அகலம். அத்தை அமுக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். முடிந்ததைப் பிரிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் விவாதம். பின்னால் வரிசை நிற்கிறது. கடைசியில் அங்கேயே தரையில் உட்கார்ந்து பல்லால் முடிச்சை அவிழ்த்தார். அத்தனை வருஷத்து முடிச்சு, துணி கிழிகிற மாதிரி ஆகித்தான் பிரிந்தது. உள்ளே பதினொரு ஒரு வெள்ளி நாணயங்கள், அந்தப் பழைய பொன் நிறக் காசு, ஒரு பக்கம் கிரிஸ் கத்தி போட்டிருக்கும். மஞ்சள் சாயம் ஒட்டிக் கொஞ்சம் கறுத்திருந்தன. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதை 2005 டிசம்பர் 7-இல் செல்லாது என்று நிறுத்திவிட்டது. அத்தைக்கு அது தெரியும், மறந்துபோயிருந்தார்.

பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிய எட்டு ஒன்பது வயதுப் பையன் எட்டிப் பார்த்து, "பாட்டி, இது எந்த நாட்டுக் காசு?" என்றான்.

"உன் நாட்டுக் காசுதான்டா."

நம்பாமல் அவன் அம்மாவைப் பார்த்தான். அத்தை ஒவ்வொன்றாக, பதினொன்றையும் எண்ணி உள்ளே போட்டார். ஒவ்வொன்றும் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. அப்புறம் கைப்பையைத் திறந்து, நடப்பில் இருக்கிற ஒரு வெள்ளி நோட்டு பதினொன்று எண்ணிப் போட்டார். "அவன்கிட்ட செல்லாத காசைக் குடுத்து ஏமாத்தினேன்னு இருக்கக் கூடாது பாரு." பையனிடம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

கீழே இறங்கும்போது நாங்கள் நாற்பது நிமிஷம் தாமதம். வழிகாட்டித் தம்பி விசிலை வாயில் வைத்துக்கொண்டே நின்றார், ஆனால் ஊதவில்லை. அதில் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை, அடுத்த நிறுத்தத்தில் பாதியாகக் குறைந்தது. ஜாதிக்காய் எண்ணெய், வெள்ளைக் காப்பி, பிஸ்கட் விற்கிற ஒரு பெரிய கடை. பத்து நிமிஷம் என்று இறக்கிவிட்டு ஐம்பது நிமிஷம் உட்கார வைத்தார்கள். விளம்பரத்தில் இந்தக் கடை இல்லவே இல்லை. கோயிலுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட நாற்பது நிமிஷம் தாமதம், கடைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ஐம்பது நிமிஷம் நிகழ்ச்சி நிரல்! சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள், கடையை மத்தியானம் வையுங்கள். கடைக்கு நடை சாத்துகிற நேரம் கிடையாது, கோயிலுக்கு உண்டு.

அதனால் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மனை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம். 1833-இல் எழுந்த கோயில், பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். முன்னே வண்ணக் கோபுரம், அக்கம்பக்கம் எல்லாம் பூக்கடை, புடவைக்கடை, பலகாரக் கடை. நின்று பார்க்க வேண்டிய இடம். நாங்கள் நுழையும்போது குருக்கள் திரையைக் கையில் பிடித்துவிட்டார். முப்பத்தெட்டுப் பேர் மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்து, திரையை விட்டுவிட்டு மறுபடியும் ஒரு கற்பூரம் ஏற்றினார். அந்த ஒரு நிமிஷத்தில் அம்மன் முகம் மட்டும் தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது, அவ்வளவுதான். தனியாக இன்னொரு முறை வரவேண்டும், விசில் இல்லாமல்.

சாப்பாடு லிட்டில் இந்தியாவில், நன்றாகவே இருந்தது, ரசம் இரண்டு தடவை வாங்கினேன். செண்டோல் என்கிற குளிர்ந்த இனிப்பைச் சாப்பிட வெயிலில் வரிசை நிற்க அத்தை மறுத்துவிட்டார்.

திரும்பும்போது பாலம்தான். வேண்டுதல் போவதற்கு மட்டும்தானே என்று அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் பாதிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது என் தோளைத் தட்டி, "ஐம்பது காசு இருக்கா பாப்பா?" என்றார். பர்ஸைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இடுப்பிலிருந்து அந்தக் கிழிந்த மஞ்சள் துணியை உருவி, மடியில் விரித்து, நடுவில் அந்தக் காசை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"இப்ப என்ன வேண்டுதல் அத்தை?"

"அதை உன்கிட்ட ஏன் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு முடிச்சைப் பல்லால் இன்னொரு முறை இழுத்தார்.