அப்பாவின் இடுப்புப் பிடிப்பும் தசைத்தளர்வு மாத்திரையும்

பாம்பன் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களுக்கு இடுப்புப் பிடிப்பு புதிதல்ல. ஆடும் படகில் குனிந்தபடியே வலையை வாங்குகிறவர்கள், பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்துவிட்டு, ஓரிரு நாளில் மறுபடியும் கடலுக்குப் போய்விடுவார்கள். அறுபதைத் தாண்டிய என் அப்பாவுக்கு இம்முறை அது விடவில்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் தசை கயிறு முறுக்கியதுபோல் நின்றது. புரண்டு படுப்பதற்கே துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.

இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்டது வலியைப் பற்றியல்ல. கால் மரத்துப் போகிறதா, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமலோ வராமலோ போகிறதா என்று விசாரித்து, இவற்றில் எது தோன்றினாலும் இரவென்றும் பாராமல் உடனே வர வேண்டும் என்று சொன்ன பிறகே, வலி மாத்திரையோடு இரவு மட்டும் போட டிசானிடின் என்ற தசைத்தளர்வு மாத்திரையை 2 மில்லிகிராம் அளவில் எழுதினார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அப்பாவுக்கு வீட்டுக்கே வரும் இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையையும் வாங்கிப் பார்த்தார்.

அந்த அட்டை ஏன் முக்கியம் என்பதை விளக்கியவர் அங்கிருந்த செவிலியர். டிசானிடின் நேராகத் தசையில் வேலை செய்வதில்லை. தசையை இறுக்கச் சொல்லி நரம்பு வழியே போகும் கட்டளைகளைத் தண்டுவடத்திலேயே குறைக்கிறது. அதனால் தூக்கமும் தலைசுற்றலும் கூடவே வரும். இரத்த அழுத்தத்தையும் இறக்கும் என்பதால், ஏற்கெனவே அதற்கு மாத்திரை போடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் மயங்கி விழக்கூடும். அப்பாவைப் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தத்தைப் பார்த்து, இரண்டு அளவுகளையும் சீட்டில் குறித்துக் கொடுத்தார். "ஐயா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து அப்புறம் மாத்திரையைப் போடுங்க. ராத்திரி எழுந்திருக்கணும்னா யாரையாவது கூப்பிடுங்க, வெட்கப்படாதீங்க" என்றார். மருந்தின் வேகம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும் என்பதால் எங்கள் காவல் முழுவதும் அந்தப் பொழுதில்தான் இருந்தது. வாய் வறண்டு அவர் அடிக்கடி தண்ணீர் கேட்பார்; குடித்த தண்ணீர் அவரை மறுபடி எழுப்பும். இது எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை.

மாத்திரையை உணவோடு போடுவதென்றால் எப்போதும் உணவோடுதான் போட வேண்டும், மாற்றி மாற்றிப் போட்டால் உடலில் சேரும் அளவு மாறும் என்பதையும் செவிலியரே சொன்னார். குடிப்பழக்கம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் அப்பாவிடம் கேட்டு, மருந்து முடியும்வரை கூடாது என்றார். படகிலும் ஏறக்கூடாது என்றபோதுதான் அப்பாவின் முகம் மாறியது.

வீட்டுப் பராமரிப்பில் கடினமாக இருந்தது புரட்டிப் படுக்க வைப்பதுதான். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். மல்லாந்து படுக்கையில் முழங்காலுக்கடியில் தலையணை வேண்டும். எழும்போது முதலில் ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். ஒத்தடம் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். தூக்கக் கலக்கத்தில் சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடலாம். படுத்தே கிடந்தால் தசை வலுவிழந்துவிடும் என்பதால் பகலில் முற்றத்தில் மெதுவாக நடக்க வைத்தோம்.

இடையில் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மருந்துக்கடை ஒன்றில், வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்காமலே சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைக் கொடுத்தார்கள். புதிதாக எதைப் போடுவதென்றாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்று செவிலியர் சொல்லியிருந்ததால் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று உடனே சொன்னார். கல்லீரலில் டிசானிடினைச் சிதைக்கும் நொதியை சிப்ரோஃப்ளாக்ஸசின் தடுத்துவிடுவதால் இரத்தத்தில் சேரும் டிசானிடின் சுமார் 10 மடங்காகலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மருத்துவரிடம் கேட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலே போதும் என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணனும் தன்னிடம் மிச்சமிருந்த அட்டையைத் தந்தார். அதில் வலி மருந்துகளோடு தயோகால்கிகோசைடு என்ற இன்னொரு தசைத்தளர்வு மருந்தும் இருந்தது. அதை வாய்வழியாக 7 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வரையறுத்தது. இங்கே அது கடையில் சீட்டில்லாமலே கைமாறுகிறது. அன்போடு தந்ததை மறுப்பது சங்கடம்தான், ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குறைந்த அளவில் கொஞ்ச காலமே போட்டதால் மாத்திரையை நிறுத்துவதில் சிக்கல் இருக்கவில்லை. அதிக அளவில் நெடுநாள் போட்டவர்கள் திடீரென்று விட்டால் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறும். பேக்லோஃபென் என்ற வேறொரு தசைத்தளர்வு மருந்தை அப்படி விட்டவர்களுக்கு வலிப்பே வரலாம். இப்போது அப்பா இயன்முறைப் பயிற்சியைச் செய்துவருகிறார். படகில் சுக்கான் பிடிப்பதோடு சரி. வலையைத் தம்பி வாங்குகிறான்.